ஆட்டுக்கொல்லி நோய்க்கு எலிசா: கிடையில் ரத்தம் எடுப்பது முதல் கணக்குப் போடுவது வரை

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, வாலிநோக்கம், ஏர்வாடி பக்கத்துக் கிடைகளில் (மந்தையை அடைக்கும் இடங்களில்) ஆட்டுக்கொல்லி நோய்த் (பி.பி.ஆர்.) தடுப்பூசி போட்டாயிற்று. ஊசி பிடித்ததா என்று பார்க்க, சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில்) ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம், இருக்கிறதா என்று போட்டி எலிசா என்ற நிறமாற்றச் சோதனை முறையில் பார்க்க வேண்டும். புதிதாக ஆய்வக வேலைக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைப்பெட் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று. மூக்கு ஒழுகி, வாய் புண்ணாகி, கழிச்சலோடு நிற்கும் ஆட்டுக்கு இந்தச் சோதனை உதவாது. நோய் தொடங்கிய நாட்களில் ஆன்டிபாடி இன்னும் உருவாகியிருக்காது. அதற்கு மூக்குச் சளியைப் பஞ்சுக் குச்சியில் எடுத்து வைரஸையே தேட வேண்டும். உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

எப்போது, எத்தனை ஆடு

ஊசி போட்டு 21 முதல் 28 நாளுக்குள் ரத்தம் எடுங்கள். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைச் சேர்க்காதீர்கள். சீம்பாலில் வந்த தாயின் ஆன்டிபாடி அவற்றில் மிச்சம் இருக்கலாம். ஊசியே போடாத பெரிய கிடையில் நோய் வந்து போயிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால், பத்தில் ஒரு ஆட்டுக்காவது ஆன்டிபாடி இருக்கும் என்று கொண்டு, குலுக்கல் போலப் பாகுபாடில்லாமல் பொறுக்கிய 30 ஆடு போதும். கைக்கு எட்டும் சாதுவான ஆட்டையே பிடித்தால் கணக்குத் தப்பும்.

ஒவ்வொரு ஆட்டுக்கும் பல்லைப் பார்த்து எழுதுங்கள்: பால் பல், இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டுப் பல். கூடவே, எப்போது ஊசி போட்டது, எந்த ஊருக்குக் கிடை போனது, வேறு மந்தை கலந்ததா என்று கீதாரியிடம் (கிடையை நடத்தும் மேய்ப்பரிடம்) கேட்டு எழுதுங்கள். இந்தக் குறிப்பு இல்லாத முடிவால் ஒரு பயனும் இல்லை. நம் நாட்டில் போடுகிற சுங்ரி 96, அரசூர் 87 என்ற தடுப்பூசி வகைகள் இரண்டுமே உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். ஊசியால் வந்த ஆன்டிபாடியையும் நோயால் வந்த ஆன்டிபாடியையும் எலிசா பிரித்துச் சொல்லாது. ஊசி போடாத கிடையில் ஆறு மாதம் தாண்டிய பால் பல் குட்டிக்கு பாசிட்டிவ் வந்தால் மட்டும், அண்மையில் வைரஸ் அங்கே நடமாடியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ரத்தம்

பெரும்பாலான சோதனைகள் கெட்டுப்போவது பிளேட்டில் (சோதனை நடக்கும் 96 குழித் தட்டில்) அல்ல, இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காலையில் மேய்ச்சலுக்கு அவிழ்ப்பதற்கு முன் எடுங்கள். ஆட்டை இரண்டு காலுக்கும் இடையில் இடுக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்தால் கழுத்து நரம்பு புடைக்கும். பெரிய ஆட்டுக்கு 18 கேஜ், குட்டிக்கு 20 கேஜ் ஊசி. ஆட்டுக்கு ஒரு ஊசி. மாற்றாமல் குத்தினால் நோயை நாமே பரப்புகிறோம். சிவப்பு மூடி வெற்றிடக் குழாயில் 5 மி.லி. எடுங்கள். ஊதா மூடி வேண்டாம், அதில் ரத்தம் உறையாது. சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோடு மெதுவாக வடிய விடுங்கள். ஊசி வழியாகப் பீய்ச்சினால் ரத்த அணு உடைந்து சீரம் செந்நிறமாகிவிடும்.

அடுத்து, குழாயைச் சாய்த்து நிழலில் இரண்டு மணி நேரம் அசையாமல் விடுங்கள். எடுத்த கையோடு ஐஸ் பெட்டியில் போட்டு, கருவேலங்காட்டுப் பாதையில் பைக்கில் குலுக்கிக்கொண்டு போவதுதான் நம் பக்கத்தில் வழக்கமாக நடக்கும் தவறு. உறையாத ரத்தம் குலுங்கினாலும் கெடும், ஐஸில் நேரடியாகப் பட்டாலும் கெடும். கட்டி நன்றாக இறுகி, வைக்கோல் நிறத்தில் சீரம் பிரியத் தொடங்கிய பிறகே பெட்டிக்குள் வையுங்கள். குழாய்க்கும் ஐஸுக்கும் நடுவே செய்தித்தாள் இருக்கட்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் குழாயை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அன்றே சென்ட்ரிஃபியூஜ் கருவியில் நிமிடத்துக்கு 3000 சுற்று வீதம் 10 நிமிடம் சுழற்றி, சீரத்தைப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

மார்க்கர் பேனாவை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். ஐஸ் தண்ணீர் பட்டதும் எண் அழியும். மருத்துவப் பிளாஸ்டர் துண்டில் பென்சிலால் எழுதி ஒட்டினால் அப்படியே நிற்கும்.

பிளேட்

சோதனைப் பொருட்கள் அடங்கிய பெட்டிதான் கிட். கிட்டுக்குக் கிட் அளவு மாறும். உள்ளே இருக்கும் தாளைத்தான் பின்பற்ற வேண்டும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் வேலை இப்படிப் போகும். ஒவ்வொரு குழியிலும் 25 மைக்ரோ லிட்டர் பஃபர் (நீர்க்கச் செய்யும் கரைசல்), 25 மைக்ரோ லிட்டர் சீரம். நாலு குழி கண்ட்ரோலுக்கு (ஆன்டிபாடி உள்ளது, இல்லாதது என்று முன்பே தெரிந்த சீரத்துக்கு). 37 டிகிரியில் 45 நிமிடம். 300 மைக்ரோ லிட்டர் வீதம் மூன்று தடவை கழுவல். கான்ஜுகேட் (நொதி இணைத்த ஆன்டிபாடி) 100 மைக்ரோ லிட்டர், அறை வெப்பத்தில் 30 நிமிடம். மறுபடி மூன்று கழுவல். சப்ஸ்ட்ரேட் (நிறம் கொடுக்கும் கரைசல்) 100 மைக்ரோ லிட்டர், இருட்டில் 15 நிமிடம். கடைசியாக, நிறம் ஏறுவதை நிறுத்தும் ஸ்டாப் சொல்யூஷன் 100 மைக்ரோ லிட்டர். உடனே எலிசா ரீடரில் 450 நானோமீட்டர் ஒளியில் நிற அடர்த்தியைப் படியுங்கள்.

தாளில் அறை வெப்பம் என்று இருப்பது 21 டிகிரியை ஒட்டியது. சித்திரை மாதத்து ராமநாதபுரம் அறை அல்ல. ஏ.சி. இல்லாமல் செய்தால் நிறம் முந்திக்கொண்டு ஏறும், அதிலும் ஓரக் குழிகளில். கிட்டையும் குளிரிலிருந்து எடுத்த கையோடு தொடாதீர்கள். எல்லாப் பாட்டிலும் அறை வெப்பத்துக்கு வரட்டும்.

கழுவும் திரவம் 20 மடங்கு அடர்த்தியில் வரும். குளிரில் அடியில் உப்புப் படிந்திருக்கும். வெதுவெதுப்பாக்கிக் கரைத்த பிறகே அளக்க வேண்டும். முழு பிளேட்டின் ஆறு கழுவலுக்குச் சுமார் 173 மி.லி. செலவாகும். ஆகவே 12.5 மி.லி.யோடு 237.5 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 250 ஆக்குங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடலோர உவர்நீரில் கரைந்திருக்கும் உப்பு பஃபரின் அளவையே மாற்றிவிடும். கேன் தண்ணீரும் காய்ச்சி வடித்த நீருக்கு ஈடாகாது.

கணக்கு

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. போட்டி எலிசாவில் நிறம் தலைகீழ். ஆட்டின் ஆன்டிபாடி இடத்தைப் பிடித்துக்கொண்டால் கான்ஜுகேட் ஒட்ட இடமில்லை, நிறமும் வராது. பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் குழிதான் நெகட்டிவ்.

மாதிரியின் அளவீட்டை நெகட்டிவ் கண்ட்ரோல் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். கண்ட்ரோல் 1.12, 1.08 என்றால் சராசரி 1.10. மாதிரி 0.33 வந்தால் 30 சதவீதம். 50க்குக் கீழே, பாசிட்டிவ். 0.62 வந்தால் 56. சந்தேகம், திரும்பச் செய்யுங்கள். 0.95 வந்தால் 86. 60க்கு மேலே, நெகட்டிவ். நெகட்டிவ் கண்ட்ரோல் சராசரி 0.7ஐத் தாண்டாவிட்டால் அந்த பிளேட்டின் எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.

பிற்சேர்க்கை: மான்களுக்கு இதைச் செய்யலாமா?

பலர் கேட்டதால் சேர்க்கிறேன். ஆட்டு ஆன்டிபாடியை அடையாளம் காணும் கான்ஜுகேட் உள்ள மறைமுக எலிசா மானுக்கு ஒத்துவராது. போட்டி எலிசாவில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 50, 60 என்ற எல்லைகள் ஆட்டுக்கும் செம்மறிக்கும் வகுத்தவை. ஆகவே மான் சீரத்தில் 0.5 மி.லி.யைத் தனியாக எடுத்து வைத்து, வைரஸ் நடுநிலையாக்கும் சோதனைக்கு (சீரம் வைரஸைச் செயலிழக்கச் செய்கிறதா என்று பார்ப்பது) அனுப்பி உறுதிப்படுத்துங்கள். வனத்துறை அனுமதி கையில் இல்லாமல் மானைத் தொடவே கூடாது.