காரின் கறுப்பு ஃபிலிமுக்கு அபராதம் வந்தால் செய்ய வேண்டியவை

கார்க் கண்ணாடியில் ஒட்டிய கூலிங் ஃபிலிமுக்கு முதல் முறை விதிக்கப்படும் அபராதம் 500 ரூபாய்தான் என்பதால், தமிழ்நாட்டில் பலரும் அதைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தத் தொகை அன்று பதிவான குற்றத்துக்கு மட்டுமே உரியது. ஃபிலிமை அப்படியே வைத்துக்கொள்ள அது உரிமை தருவதில்லை. அதே கண்ணாடியோடு அடுத்த முறை பிடிபட்டால் 1,500 ரூபாய் கட்ட நேரும். எனவே அபராதத்தைத் தீர்ப்பதோடு கண்ணாடியையும் சரிசெய்தால்தான் இந்த விவகாரம் முடிவுக்கு வரும். இரண்டையும் எந்த வரிசையில், எப்படிச் செய்வது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

சட்டம் சொல்வது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி வாகனக் கண்ணாடிகளைப் பற்றியது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் தம்மீது விழும் ஒளியில் குறைந்தது 70 விழுக்காட்டையும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காட்டையும் உள்ளே விட வேண்டும் என்று அது கூறுகிறது. இந்த அளவைக் காட்டி, தங்கள் ஃபிலிம் சட்டத்துக்கு உட்பட்டதே என்று சொல்லிக் கடைகள் பல ஆண்டுகள் விற்பனை செய்தன. அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. தயாரிக்கப்படும்போதே கண்ணாடிக்கு இருக்க வேண்டிய தன்மையைத்தான் விதி குறிப்பிடுகிறது என்றும், பிறகு அதன்மேல் எதையேனும் ஒட்டி அந்த அளவுக்குக் கொண்டுவருவதை அது அனுமதிக்கவில்லை என்றும் நீதிமன்றம் விளக்கியது. 2012 மே 4 முதல், எத்தனை விழுக்காடு ஒளியை விடும் ஃபிலிமாக இருந்தாலும், வேறு எந்தப் பொருளாக இருந்தாலும், கண்ணாடிமேல் ஒட்டக் கூடாது என்று தடை விதித்தது. அபராதம் விதிக்கும் அலுவலர் ஃபிலிமை அகற்றவும் வேண்டும் என்று அதே தீர்ப்பு ஆணையிட்டிருப்பதால், சாலையோரத்தில் காவலர் ஃபிலிமைக் கிழிக்கச் சொன்னால் அது அவர் தம் விருப்பத்துக்குச் செய்யும் செயல் ஆகாது. இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்குக்கு வழி வைக்கப்பட்டது. தோல் நோய்க்கான மருத்துவச் சான்று வைத்திருப்பவருக்கு 100-ஆவது விதியில் விலக்கு எதுவும் கூறப்படவில்லை.

விழுக்காட்டுக் கணக்கை இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் விற்பனையாளர் சொல்வதில் பெரும் குழப்பம் இதில்தான் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் கண்ணாடியே முழு ஒளியையும் விடுவதில்லை. 75 விழுக்காடு ஒளியை விடும் கண்ணாடியில் 70 விழுக்காடு ஒளியை விடும் ஃபிலிமை ஒட்டினால், இரண்டையும் பெருக்கித்தான் கணக்கிட வேண்டும். உள்ளே வருவது 52.5 விழுக்காடு மட்டுமே. பக்கக் கண்ணாடியில் அது எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும். முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் சட்டத்தின் அளவுக்கு வெகுவாகக் கீழே போய்விடும்.

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதுகாப்புக் கண்ணாடி என்பதோடு, பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடி அமைப்பையும் விதிக்குள் கொண்டுவந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு, வாகனக் கண்ணாடிக்கான இந்தியத் தர அளவீடான ஐ.எஸ். 2553-க்கு உட்பட்ட படலத்தை 70, 50 என்ற ஒளி அளவுகள் குறையாமல் பொருத்தினால் அபராதம் விதிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கூறியது. இந்தத் தீர்ப்பின் செய்தி பரவியதும், தமிழ்நாட்டிலும் ஃபிலிம் ஒட்டலாம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அது சரியான புரிதல் அல்ல. ஓர் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை இன்னொரு மாநிலத்தில் வாதமாக முன்வைக்கலாமே தவிர, அங்குள்ள அலுவலர்களை அது கட்டுப்படுத்தாது. பாலக்காட்டில் ஒட்டிய ஃபிலிமோடு வாளையாறைக் கடந்து கோயம்புத்தூருக்குள் வருபவர், அந்தத் தீர்ப்பு சாலையில் தம்மைக் காக்கும் என்று நம்பி வரக் கூடாது. தரச்சான்று பெற்ற படலம்தான் என்றால் அதற்கான ரசீதையும் சான்றையும் காரிலேயே வைத்திருந்து, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் காட்டலாம்.

அபராதம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவின்கீழ் வருகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அது முதல் முறைக்கு 100 ரூபாயும் மறுமுறைக்கு 300 ரூபாயுமாக இருந்தது. உயர்த்தப்பட்ட தொகைகளைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது.

வண்டியை நிறுத்தும்போது

காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை முழுவதும் இறக்கிவிடுங்கள். ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு ஆகியவற்றை டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் காட்டினால் போதும். மின்னணு ஆவணங்கள் செல்லும் என்று விதியே சொல்கிறது. ஃபிலிம் இருப்பது உண்மை என்றால் அங்கே வாதம் செய்வதால் ஒன்றும் மாறாது. ஃபிலிமை நானே எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, முடிந்தால் அங்கேயே உரிக்கத் தொடங்குவது நல்லது. காவலர் அவசரத்தில் பிளேடால் கீறுவதைவிட அது உங்கள் கண்ணாடிக்கும் பாதுகாப்பு.

சலானில் வாகன எண், இடம், நேரம், குற்றப் பிரிவு, தொகை ஆகிய ஐந்தையும் அங்கேயே சரிபாருங்கள். ஃபிலிமுக்காக நிறுத்திய காரில் காப்பீடு காலாவதி போன்ற வேறு குற்றங்களும் சேர்க்கப்படுவது உண்டு; ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சலான் இல்லாமல் பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த பணத்துக்கு எந்தக் கணக்கும் இருக்காது. அதே நாளில் அடுத்த சந்திப்பில் நிறுத்தப்பட்டால் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இ-சலானைக் கட்டுவது

நிறுத்தாமலே படம் எடுத்து அனுப்பப்படும் சலான்களும் இப்போது வருகின்றன. குறுஞ்செய்தி, ஆர்.சி.யில் பதிவான கைப்பேசி எண்ணுக்கே வரும். பழைய கார் வாங்கியவர்கள் பலர் இந்த எண்ணை மாற்றாமல் விடுவதால், செய்தி முன்னாள் உரிமையாளருக்குப் போய், சலான் மாதக்கணக்கில் தெரியாமலே கிடக்கிறது. மத்திய அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் எண்ணைப் புதுப்பிப்பது சில நிமிட வேலைதான்.

கட்டுவதற்குப் பரிவாகனின் இ-சலான் தளத்துக்கு நீங்களே உலாவியில் போங்கள். சலான் எண்ணையோ, வாகன எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையோ கொடுத்தால் நிலுவை விவரம் தெரியும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்துப் பணத்தைக் கட்டி, ரசீதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் பணம் பிடிக்கப்பட்டும் சலான் நிலுவை என்றே காட்டினால் உடனே இன்னொரு முறை கட்ட வேண்டாம். தோல்வியுற்ற பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி அதே தளத்தில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்போடு (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வரும் ‘போக்குவரத்து அபராதம்’ என்ற செய்தியைத் திறக்கவே கூடாது. எந்த அரசுத் துறையும் அபராதம் வசூலிக்க ஏ.பி.கே. கோப்பு அனுப்புவதில்லை. அதை நிறுவிய கைப்பேசியின் குறுஞ்செய்திகளும் ஓ.டி.பி.களும் மோசடிக்காரர் கைக்குப் போகின்றன. 500 ரூபாய் அபராதத்துக்குப் பயந்து வங்கிக் கணக்கையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். உண்மையான தளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடியும். அதிலும் ஓர் எழுத்து கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

சலான் தவறு என்றால்

எதிர்ப்பதற்குத் தகுந்த காரணங்கள் சிலவே. வாகன எண் தவறாகப் பதிவாகியிருக்கலாம். காரை ஏற்கெனவே விற்றிருக்கலாம். கண்ணாடி தொழிற்சாலையிலிருந்து வந்த நிறத்திலேயே இருக்கலாம். மூன்றாவது காரணம் அடிக்கடி எழுகிறது, ஏனெனில் பல கார்களில் இலேசான பச்சை நிறக் கண்ணாடி நிறுவனமே பொருத்தியது. அதை நிறுவ வழி எளிது. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்பாளர் பெயரும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தெளிவாகப் படம் எடுங்கள். பிறகு கதவுக் கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன் மேல்விளிம்பை உட்புறமாக நகத்தால் தடவுங்கள். ஃபிலிம் ஒட்டியிருந்தால், விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்னதாகவே அது முடிந்து, மெல்லிய படி போல நகத்தில் தட்டும். நிறமும் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். கண்ணாடியே நிறமுடையது என்றால் விளிம்புவரை ஒரே நிறமாக, வழவழப்பாக இருக்கும். இந்த விளிம்பையும் படம் எடுத்து, டீலரிடம் ஒரு கடிதமும் பெற்றுக்கொண்டால் உங்கள் தரப்பு வலுவாகிவிடும்.

இந்தச் சான்றுகளுடன் முதலில் இ-சலான் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் புகார் பதிவு செய்யுங்கள். சலானை வழங்கிய போக்குவரத்துக் காவல் பிரிவிலும் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். சலான், இணைய வழியில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால், அதன் தளத்தில் அபராதத்தைக் கட்டுவது, வழக்கை எதிர்ப்பது என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொருள்; அடுத்த முறை அது மறுகுற்றமாக எண்ணப்படும். எதிர்ப்பதாகத் தெரிவித்தால் வழக்கு உங்கள் பகுதியின் வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே நேரில் போக வேண்டியிருக்கும். ஃபிலிம் உண்மையிலேயே இருந்தது என்றால் ஒரு நாள் வேலையை விட்டு நீதிமன்றம் ஏறுவதில் பயன் இல்லை என்பதே என் கருத்து. செய்யாத குற்றமாக இருந்தால் தொகை சிறியது என்பதற்காக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம்.

ஃபிலிமை அகற்றுவது

காரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தினாலே பசை இளகிவிடும். நிழலில் செய்தால் தலைமுடி உலர்த்தியால் மூலையைச் சூடாக்கிக்கொள்ளலாம். மூலையை நகத்தால் கிளப்பி, கண்ணாடியை ஒட்டினாற்போல் சாய்வாகப் பிடித்து, மெதுவாக ஒரே இழுப்பாக உரியுங்கள். வேகமாக இழுத்தால் நிறப் படலம் மட்டும் கிழிந்து வந்து, பசை கண்ணாடியிலேயே தங்கிவிடும். மிச்சப் பசையைச் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்கலாம்.

பின்கண்ணாடியில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். அதன் உட்புறத்தில் குறுக்காக ஓடும் செம்பழுப்புக் கோடுகள் மின்சாரம் பாயும் வெப்பக் கம்பிகள். மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் பனிப்புகையை நீக்குபவை அவைதாம். பிளேடு பட்டு ஒரு கோடு அறுந்தால் அந்த வரி முழுவதும் வேலை செய்யாது. ஆகவே அங்கே பிளேடைத் தொடாமல், கோடுகள் ஓடும் திசையிலேயே உரிக்க வேண்டும். நம்பிக்கை இல்லாதவர்கள் ஃபிலிம் ஒட்டும் கடையிலேயே கொடுத்து எடுத்துவிடலாம். எடுத்த பிறகு நான்கு பக்கமும் தேதியுடன் படம் எடுத்து, அபராத ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் கொடுமையானது என்பதை மறுக்கவில்லை. சென்னையிலும் வேலூரிலும் மே மாதத்தில் கார் ஓட்டுபவர் ஃபிலிமை நாடுவது இயல்பே. ஆனாலும் முன்கதவுக் கண்ணாடியின் வழியாகத்தான் ஓட்டுநர், பின்னால் வருவதைக் காட்டும் பக்கவாட்டு மிரரைப் பார்க்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். இரவு மழையில் அந்தக் கதவுக் கண்ணாடி கறுத்திருந்தால், விளக்கு மங்கிய இருசக்கர வாகனம் இடப்புறம் வருவது அவருக்குத் தெரியாமலே போகும். வெப்பத்தைக் குறைக்க, நிறுத்தியிருக்கும்போது முன்கண்ணாடியில் வெள்ளி நிற மடிப்புத் தட்டியை வைப்பதும், புறப்படுமுன் எல்லாக் கதவுகளையும் திறந்து சூட்டை வெளியேற்றுவதும், ஏசியை முதல் சில நிமிடங்கள் கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்து ஓட்டுவதும் நன்கு பயன்படும். புதிய கார் வாங்குவோர் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உள்ள வகையைக் கேட்டு வாங்கலாம். ஒட்டும் வலைத்திரைகளை ஓடும் காரில் பயன்படுத்த வேண்டாம். கண்ணாடிமேல் ஒட்டும் வேறு எந்தப் பொருளுக்கும் தடை உண்டு என்று தீர்ப்பில் உள்ள சொற்கள் அவற்றையும் உள்ளடக்கும். கேரளப் போக்குவரத்துத் துறை 2021 ஜனவரியில் ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்ற பெயரில் நடத்திய சோதனையில் திரைச்சீலைக்கும் அபராதம் விதித்தது.

பழைய கார் வாங்கும்போது முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த வாகன எண்ணில் நிலுவைச் சலான் உண்டா என்று பாருங்கள். இருந்தால் பெயர் மாற்றத்தின்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அது உங்கள் தலையில் வந்து விழும். கண்ணாடி விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கும் சோதனையையும் அப்போதே செய்துவிடுங்கள். ஃபிலிம் இருந்தால், அதை அகற்றிக் கொடுப்பது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.