‘கிளியர்’ என்ற ஒரு சொல்லை முழுதாகக் கைக்கொள்வது எப்படி?

வட இலங்கையின் வன்னியில் ‘கிளியர்’ என்ற சொல் விழாத காது இல்லை. வெளிநாடு போக விண்ணப்பித்தவர் பொலிஸ் கிளியரன்ஸுக்கு அலைகிறார். போட்ட காசோலை கிளியராகிவிட்டதா என்று கடைக்காரர் வங்கியில் கேட்கிறார். தொலைபேசியில் குரல் கிளியராக இல்லை என்று அம்மா முற்றத்துக்கு இறங்கி வந்து பேசுகிறார். ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் பொருளைக் கேட்டால், ‘தெளிவான’ என்ற ஒற்றை விடையோடு நின்றுவிடும். காசோலை எப்படித் தெளியும் என்று திருப்பிக் கேட்டால் விழிக்கும்.

ஒத்த சொற்களை வைத்து ஒரு சொல்லின் உள்ளே நுழைவது எப்படி என்று இந்த ஒரு சொல்லிலேயே செய்து காட்டுகிறேன். ஒரு கொப்பி, ஒரு பேனை, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள ஓர் ஆங்கில அகராதி இருந்தால் போதும்.

முதற்படி: அகராதியைத் திறக்காதீர்கள்

முதலில் உங்கள் காதில் ஏற்கெனவே விழுந்த இடங்களை எழுதுங்கள். மேலே சொன்ன மூன்றோடு ‘கிளியர் வோட்டர்’, ‘கிளியர் ஸ்கை’, ‘கிளியர் ஆன்ஸர்’, ‘கிளியர் த ரோட்’, ‘கிளியர் த லாண்ட்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். துணிக்கடையில் தொங்கும் ‘கிளியரன்ஸ் சேல்’ அட்டையையும் விடவேண்டாம். சொல்லைத் தனியாக எழுதக்கூடாது. பக்கத்தில் நிற்கும் சொல்லோடுதான் எழுதவேண்டும்.

இரண்டாம் படி: எதிர்ச்சொல்லால் பிரியுங்கள்

ஒத்த சொல்லுக்குப் போகுமுன் எதிர்ச்சொல். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது.

மாரியில் குளத்துக்கு வரும் நீர் கலங்கல், ஆங்கிலத்தில் ‘மடி’ (muddy). அதன் எதிர்தான் கிளியர் வோட்டர். ஐப்பசி வானம் மூடிக் கிடந்தால் ‘கிளவுடி’. அதன் எதிர் கிளியர் ஸ்கை. குழப்பமான பதில் ‘கன்ஃபியூசிங்’. மரம் விழுந்து அடைபட்ட தெரு ‘பிளொக்ட்’. நான்கு எதிர்ச்சொற்கள் என்றால் நான்கு பொருள்கள். கொப்பியில் நான்கு கட்டம் போட்டு உங்கள் வாக்கியங்களைப் பிரித்து எழுதுங்கள். காசோலை எந்தக் கட்டத்தில் விழும்? அடைபட்ட தெருவின் கட்டத்தில். தடை நீங்கிப் பணம் வந்து சேர்கிறது. பொலிஸ் கிளியரன்ஸும் அங்கேதான்: இவர் போவதற்குக் குற்றப் பதிவு எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்ற சான்று.

இவ்வளவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இலத்தீனில் ‘கிளாரஸ்’ என்றால் ஒளி பொருந்திய என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒளி இருந்தால் பார்வைக்குத் தடையில்லை. அங்கிருந்து விளங்குவதற்கும், போவதற்கும் தடையில்லை என்று பொருள் பரந்தது.

மூன்றாம் படி: ஒத்த சொல்லை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

நிகண்டைப் பாடமாக்கிய நம் முன்னோருக்கு ஒரு பொருளுக்குப் பல சொல் அடுக்குவது புதிதல்ல. ஆனால் அடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பார்க்கவேண்டும். எங்கே பொருந்தாமல் இடிக்கிறது என்பதுதான் பாடம்.

‘ட்ரான்ஸ்பேரன்ட்’ என்றால் ஊடே பார்க்கக்கூடியது. கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் பொருந்தும், வானத்துக்கு இடிக்கும். ‘ஒப்வியஸ்’ என்றால் பார்த்த உடனே எவருக்கும் விளங்குவது. ‘கிளியர் ஆன்ஸர்’ நன்றாகச் சொல்லப்பட்ட விடை. ‘ஒப்வியஸ் ஆன்ஸர்’ யோசிக்காமலே வரும் விடை. ஆசிரியரைப் பாராட்ட நினைத்து இரண்டாவதைச் சொன்னால் அவர் முகம் மாறும்.

‘எம்ப்டி’ என்பதையும் போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் முறிகண்டி தாண்டி மாங்குளம் பக்கம் போகிறீர்கள். ஏ-9 வீதியில் ஒரு வாகனம் இல்லை, ஆகவே எம்ப்டி. ஆனால் தாரின் சூட்டுக்கு நடுத்தெருவில் மாடுகள் படுத்திருக்கின்றன. வீதி எம்ப்டி, கிளியர் அல்ல. பகலில் சில வாகனங்கள் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் வீதி கிளியர், எம்ப்டி அல்ல.

இனி ‘ரிமூவ்’. பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘கிளியர் த டேபிள்’ என்றால் மேசையில் உள்ள கோப்பைகளை எடுக்கவேண்டும். ‘ரிமூவ் த டேபிள்’ என்றால் மேசையே போய்விடும். ரிமூவ், அகற்றப்படும் பொருளை மட்டுமே பிடிக்கும். கிளியர் பொருளையும் பிடிக்கும், இடத்தையும் பிடிக்கும். கண்ணிவெடி அகற்றுவோர் ‘கிளியர் த மைன்ஸ்’ என்றும் சொல்லலாம், ‘கிளியர் த லாண்ட்’ என்றும் சொல்லலாம். ரிமூவ் என்றால் முதலாவது மட்டும்தான். காணியை எவராலும் தூக்கிக்கொண்டு போகமுடியாது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இடத்தைச் சொல்லிவிட்டு, எதை அகற்றினோம் என்பதைச் சொல்லாமல் விட இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. போர்க்காலத்தில் அரசுத் தரப்பு அறிக்கைகளில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி ‘அன்கிளியர்ட் ஏரியா’, இராணுவத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி ‘கிளியர்ட் ஏரியா’. 2002 போர்நிறுத்தத்தின் பின் இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வடக்கே வந்தவர் ஆங்கிலச் செய்தியின்படி ‘கிளியர்’ செய்யப்படாத நிலத்துக்குள் நுழைந்தார். எதிலிருந்து கிளியர் செய்யவேண்டும் என்பது அந்தச் சொற்றொடரில் இல்லை. வயலும் குளமும் பள்ளிக்கூடமும் சந்தையும் இருந்த ஊர்கள் ஏதோ துப்புரவு செய்யவேண்டிய பற்றைக் காடு போல அதில் தெரிந்தன. ரிமூவ் என்று எழுதியிருந்தால் யாரை, எதை என்று சொல்லியே ஆகவேண்டும். ஒத்த சொற்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி பரீட்சைக்கு மட்டும் உதவுவதல்ல. செய்தி வாசிக்கவும் உதவும்.

நான்காம் படி: வாலையும் பாருங்கள்

சிறு வால் ஒட்டினால் பொருள் மாறும். ‘கிளியர் அப்’ என்றால் மழை வெளிப்பது. ஐயம் தீர்வதும் அதுவே. ‘கிளியர் அவுட்’ என்றால் அறையையோ அலுமாரியையோ முற்றாக ஒழித்து வெறுமையாக்குவது. ‘கிளியர் ஓஃப்’ மரியாதையில்லாத பேச்சு; ‘ஓடு இங்கிருந்து’ என்பதற்குச் சமம். விளங்கினால் போதும், பயன்படுத்த வேண்டாம். படலையிலும் வாயிலிலும் காணும் ‘கீப் கிளியர்’ என்ற அறிவிப்பு, வழியை மறிக்காதே என்கிறது.

ஐந்தாம் படி: யார் யாரிடம் சொல்கிறார்?

‘இஸ் தட் கிளியர்?’ என்று அதிபர் மாணவனிடம் கேட்டால் அது கேள்வி அல்ல, எச்சரிக்கை. நீங்கள் அலுவலகத்தில் மேலதிகாரியிடம் அதையே கேட்டுவிடாதீர்கள். ‘டிட் ஐ எக்ஸ்பிளெயின் இட் வெல்?’ என்று கேட்பது நல்லது; விளங்காவிட்டால் பொறுப்பு உங்களுடையதாகிவிடுகிறது, அவருக்குச் சங்கடமில்லை.

இப்போது கொப்பியை மூடிவிட்டு, கீழே உள்ள மூன்று இடங்களுக்கு கிளியர், ரிமூவ், ஒப்வியஸ் ஆகியவற்றில் பொருந்துவதைச் சொல்லுங்கள்: காற்றில் விழுந்த பாலை மரத்தை வீதியிலிருந்து எடுக்கிறார்கள்; மரம் விழுந்த வீதியைத் திறந்துவிடுகிறார்கள்; வீதி ஏன் மூடியிருந்தது என்பதை எவரும் கேட்கத் தேவையில்லை, கிடக்கும் மரமே சொல்கிறது.

முதலாவதில் கிளியர், ரிமூவ் இரண்டும் வரும். இரண்டாவதில் கிளியர் மட்டும். மூன்றாவதில் ஒப்வியஸ் கச்சிதம். கிளியர் போட்டாலும் பிழையில்லை, சற்று மெலிந்து ஒலிக்கும். மூன்றும் சரியாக வந்தால் அடுத்து ‘ரிலீஸ்’ என்ற சொல்லை எடுங்கள். குளத்துத் தண்ணீர், பரீட்சைப் பெறுபேறு, காணி, கைதி என்று அதற்கும் இங்கே வேலை நிறைய இருக்கிறது.