இடுப்பளவு தண்ணீரில் சுமக்க ஒரு பை: மழைக்காலத்துக்கு முன்பே கட்டி வைப்பது எப்படி?

அவசரப் பை என்று யூட்யூபில் தேடினால் வருவதெல்லாம் காட்டில் தொலைந்துபோகிறவனுக்கான பை. தீமூட்டும் கல், தூண்டில் முள், முழ நீளக் கத்தி. சென்னையிலும் கடலூரிலும் தூத்துக்குடியிலும் நமக்கு வருகிற ஆபத்தே வேறு. ராத்திரியில் வாசற்படி ஏறும் தண்ணீர், கரண்ட் இல்லாத இருட்டு, மொட்டைமாடிக்கோ படகுக்கோ போய்ச் சேர வேண்டிய அரை மணி நேரம். 2015 டிசம்பர் 1 அன்று எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். சான்றிதழ்கள் பீரோவின் அடித்தட்டில் கிடந்தன. நாங்கள் தூக்கிக்கொண்டு மாடி ஏறியது டிவியை.

இந்தப் பை முதல் இரண்டு மூன்று நாட்களை ஓட்டுவதற்கு. ஆளுக்கு ஒன்று கட்டுங்கள். ஒரே பெரிய பையில் குடும்பத்துக்கே கட்டினால் அதை யாராலும் தூக்க முடியாது.

1. பையைத் தேர்ந்தெடுப்பது

புதிதாக வாங்க வேண்டாம். 25 முதல் 30 லிட்டர் கொள்ளும் பழைய காலேஜ் பை போதும். ஜிப் சரியாக ஓடுகிறதா, தோள்பட்டைத் தையல் பிரியாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சக்கரம் வைத்த பெட்டி கூடவே கூடாது. தண்ணீரில் சக்கரம் உருளாது, ஒரு கையும் போய்விடும். பிள்ளையைப் பிடிக்க ஒரு கை, சுவரையோ கயிற்றையோ பிடிக்க இன்னொரு கை என்று இரண்டும் காலியாக இருக்க வேண்டும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். தையல் வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கிவிடும். கனமான பெரிய குப்பைக் கவர் ஒன்றைப் பைக்குள் விரித்து, பொருட்களை அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். அந்தக் கவர்தான் உங்கள் நிஜமான பை.

2. காகிதங்களும் காசும்

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக், வீட்டுப் பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், இன்சூரன்ஸ் பாலிசி எல்லாம் ஒரே இடத்துக்கு வரட்டும். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் டிஜிலாக்கரிலும் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு அசல்களை ஜிப் லாக் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவரில் தலைகீழாகச் செருகுங்கள். நனையும் என்று பயந்து சான்றிதழை லேமினேட் செய்து விடாதீர்கள். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் வாங்கப் போனால் முத்திரை குத்த இடமிருக்காது.

காசு சில்லறையாக இருக்கட்டும். டவர் விழுந்துவிட்டால் ஜிபே கிடையாது, பால் விற்பவரிடம் 500 ரூபாய்க்குச் சில்லறையும் இருக்காது. 10, 20, 50, 100 என்று இரண்டாயிரம் ரூபாய்க்குச் சேர்த்து வையுங்கள். அதோடு ஒரு சீட்டில் பேனாவால் உறவினர்களின் போன் எண்கள், கீழே 112 (அவசர உதவி), 108 (ஆம்புலன்ஸ்), 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டக் கட்டுப்பாட்டு அறை). போன் அணைந்தால் அம்மாவின் எண்கூட நமக்கு நினைவில் வராது.

3. தண்ணீரும் சாப்பாடும்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதை மறந்துதான் பலர் ஆறு லிட்டரை அடுக்குகிறார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர், அரை லிட்டர் பாட்டில்களாக. கூடவே குளோரின் மாத்திரை ஒரு அட்டை. எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்று அட்டையிலேயே இருக்கும்.

சாப்பாட்டுக்கு அடுப்பு கேட்காதவை மட்டும். அவல், பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சை. நூடுல்ஸ் வேண்டாம், அதற்கு வெந்நீர் வேண்டும். முறுக்கு, மிக்சர் வைக்கலாமா என்றால், தாகம் எடுக்கும், இருக்கிற தண்ணீரும் தீர்ந்துவிடும்.

4. மருந்து

தினமும் சாப்பிடும் மாத்திரை ஒரு வாரத்துக்கு, மருத்துவர் எழுதிய சீட்டின் நகலோடு. வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருந்தால், ஃபிரிட்ஜ் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று இப்போதே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். அதைக் கிளம்பும்போதுதான் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், மறக்காமல் இருக்க "இன்சுலின்" என்று எழுதிப் பையின் மேல் ஒட்டிவிடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு, பாராசிட்டமால், கட்டுத் துணி, கிருமிநாசினிக் களிம்பு, கொசு விரட்டும் களிம்பு. பெண்களுக்கு நாப்கின், முகாமில் கேட்டு வாங்கக் கூச்சப்படுவார்கள், கிடைக்காமலும் போகலாம்.

5. வெளிச்சம், போன், துணி

டார்ச்சைவிடத் தலையில் மாட்டும் விளக்கு நல்லது, மறுபடி அந்த இரண்டு கை விஷயம்தான். ஒரு பவர் பேங்க், அதன் கேபிளோடு. சிக்னல் இல்லாதபோது போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். டவரைத் தேடித் தேடியே சார்ஜ் கரைந்துவிடும். ஒரு விசிலும் வேண்டும். மாடியிலிருந்து கத்தினால் ஐந்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும்.

மாற்றுத் துணி ஒரு செட், ஒரு துண்டு, ஒரு லுங்கி. லுங்கி போர்வையாகும், தடுப்பாகும், தொட்டிலாகும்.

6. அடுக்கும் முறை

துணி அடியில். தண்ணீரும் சாப்பாடும் நடுவில், முதுகை ஒட்டி. வெளிப்பக்கம் வைத்தால் பின்னால் இழுக்கும். மருந்தும் காகிதங்களும் மேலே, கடைசியாக நனையும் இடத்தில். விளக்கும் விசிலும் வெளி ஜிப்பில்.

இப்போது எடை பாருங்கள். ஏழு கிலோவைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிடுங்கள். பையின் இடம் வாசலுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில் ஓர் ஆணி. பரண் வேண்டாம்.

7. ஒத்திகை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆயுத பூஜையன்று வண்டிக்குப் பொட்டு வைக்கும்போது இந்தப் பையையும் இறக்குங்கள். பழைய கடலை மிட்டாயைத் தின்றுவிட்டுப் புதிது வையுங்கள், மாத்திரைத் தேதியைப் பாருங்கள், பவர் பேங்கைச் சார்ஜ் போடுங்கள். சித்திரை முதல் நாளில் இன்னொரு தடவை.

அன்று ராத்திரியே விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். நான் முதல் தடவை ஏறியபோது இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கியது. கீழே வந்து, டப்பாவோடு வைத்திருந்த ஊறுகாயை வெளியே எடுத்தேன்.