பாராசிட்டமால் எதில் எவ்வளவு கரைகிறது? தொடக்கநிலையினருக்கான செய்முறை

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் வாங்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையைக் குளிர்ந்த (அறை வெப்பநிலையிலுள்ள) நீர், கொதிநீர், சர்ஜிகல் ஸ்பிரிட், தேங்காய் எண்ணெய் ஆகிய நான்கிலும் கரைத்து ஒப்பிடுவதே இச்சோதனை. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது.

முதலில் நீரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் கிணற்று நீரில் உப்பு கலந்திருந்தால், நீர் வற்றியபின் எஞ்சும் வெண்பொடி மருந்தா உப்பா என்று குழப்பம் வரும் என்பதால், காய்ச்சி வடித்த நீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நான்கு மாத்திரைகளைத் தனித்தனியே பொடித்து, ஒவ்வொன்றையும் 10 மில்லிலிட்டர் கரைப்பானில் இட்டு, ஒரே அளவு நேரம் கலக்குங்கள். ஸ்பிரிட்டைத் திறக்கும் முன் அடுப்பை அணைத்துவிட வேண்டும்; அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

பலரும் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். நீர் பால்போல் வெளுத்தவுடன் மருந்து கரைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பொடி சிதறிப் பரவுவது வேறு, கரைவது வேறு. சற்று நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் வண்டல் படியும். ஆகவே வடிதாளில் வடிகட்டிய தெளிந்த நீர்மத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் பாராசிட்டமால் கரைய ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் நீர் வேண்டும். கொதிநீரானால் 20, சர்ஜிகல் ஸ்பிரிட்டில் பொதுவாக உள்ள ஆல்கஹாலான எத்தனாலானால் 7 மில்லிலிட்டர் போதும். எனவே நமது 10 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில் சுமார் 140 மில்லிகிராம் மட்டுமே கரையும். எஞ்சியது வடிதாளில் தங்கும்.

ஸ்பிரிட்டில் மருந்து முழுவதும் கரைந்தாலும் தாளில் வெள்ளைப் படிவு இருக்கும். அது மாத்திரையில் சேர்க்கும் ஸ்டார்ச், டால்க் போன்ற துணைப்பொருள்கள். ஸ்டார்ச் இருந்தால், ஒரு துளி அயோடின் கரைசல் பட்டவுடன் அந்த இடம் கருநீலமாகும்.

தேங்காய் எண்ணெயை வடிகட்ட முயல வேண்டாம். பொடி அடியில் அப்படியே கிடப்பதே போதிய விடை. பாராசிட்டமால் மூலக்கூறிலுள்ள ஹைட்ராக்சில், அமைடு தொகுதிகள் ஆல்கஹாலுடனும் நீருடனும் ஹைட்ரஜன் பிணைப்பை (மூலக்கூறுகளுக்கு இடையிலான ஒருவகை ஈர்ப்பை) ஏற்படுத்துவதால் மருந்து அவற்றில் கரைகிறது. எண்ணெயில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

இறுதியாக, வடிகட்டிய ஸ்பிரிட்டில் சில துளிகளைக் கண்ணாடித் தட்டில் விட்டு, காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டு, எஞ்சும் படிகங்களைக் கைலென்சால் பாருங்கள். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவ மழைக்காலத்து ஈரக்காற்றில் உலர்வதற்குக் கூடுதல் நேரம் ஆகும். அவசரப்பட்டுச் சூடாக்கக் கூடாது.