வெளிநாட்டில் முதல் வருடம்: கேமராவைக் காட்டி மிரட்டும் மெயில் வந்தால்

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், இன்னும் காரைக்குடியில்தான் இருக்கிறேன். சிங்கப்பூரில் 14 வருடமாக இருப்பவன் என்பதால், பிள்ளையை அனுப்பிவைத்த வீடுகளில் இருந்து கூப்பிட்டுக் கேட்கிறார்கள்: "தம்பி, புதுசா போயிருக்கான், என்ன ஏதுன்னு நாலு வார்த்தை சொல்லுங்க." அறை பார்ப்பது, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, எந்தக் கடையில் நல்ல அரிசி கிடைக்கும் என்பதெல்லாம் போய் இறங்கிய ஒரு வாரத்தில் கூட இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள். ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது வந்து மாட்டியவரும் வெளியே சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரோ, கோலாலம்பூரோ, துபாயோ, நீங்கள் எங்கே இறங்கியிருந்தாலும் இது பொருந்தும்.

என் அத்தை மகன் பள்ளத்தூர்க்காரன், வயது 23. அவன் சிங்கப்பூர் வந்த ஐந்தாவது வாரம். இரவு ஒன்றரை மணிக்கு "அயித்தான், முழிச்சிருக்கீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். நான் விடிந்துதான் பார்த்தேன். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்றான். கையில் மடிக்கணினி, அதைச் சுற்றி ஒரு ஈரிழைத் துண்டு. எதற்குத் துண்டு என்று கேட்டேன். "கேமரா பார்க்கும்ல" என்றான். மூடி வைத்த கணினியின் கேமரா எதைப் பார்க்கும் என்று யோசிக்கக்கூட அவனால் முடியவில்லை. அத்தை கழுத்தில் போட்டு அனுப்பிய சங்கிலியை அடகு வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று விடியும்வரை கணக்குப் போட்டிருக்கிறான்.

மெயிலைத் திறந்து காட்டினான். ஆங்கிலத்தில் இருந்த அதன் சாரம் இதுதான்: உன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், இதோ. நீ ஆபாசத் தளத்துக்குப் போனபோது உன் கணினிக்குள் நுழைந்துவிட்டேன். உன் கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்திருக்கிறேன். உன் தொடர்புப் பட்டியல் முழுக்க என்னிடம் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் 1,400 டாலரை பிட்காயினாக அனுப்பு, இல்லையென்றால் எல்லோருக்கும் வீடியோ போகும். அனுப்புநர் இடத்தில் அவனுடைய சொந்த மெயில் முகவரியே இருந்தது. பாஸ்வேர்டும் நிஜம்தான். ஊர்ப்பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து, கல்லூரி நாளில் வைத்தது.

சரி, இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். பிரித்துப் பார்த்தால்தான் பயம் போகும்.

முதலில் பாஸ்வேர்டு. இது உங்கள் கணினியில் இருந்து போனது இல்லை. என்றைக்கோ நீங்கள் பதிந்த ஏதோ ஒரு தளத்தில் இருந்து மொத்தமாகத் திருடப்பட்ட பட்டியலில் இருந்தது. லிங்க்ட்இன் தளத்தில் 2012-ல் நடந்த திருட்டு ஊரறிந்தது. அதில் போன சுமார் 11.7 கோடிக் கணக்குகளின் விவரம் 2016-ல் விற்பனைக்கே வந்தது. அது போலப் பல தளங்கள். அந்தப் பட்டியல்களை வாங்கி, மெயில் முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்வேர்டை எடுத்து ஒரே கடிதத்தில் பொருத்தி, லட்சக்கணக்கானவர்களுக்கு நிரல் வைத்து அனுப்பும் வேலை 2018 ஜூலையில் பெரிதாகத் தொடங்கியது. இன்றுவரை நிற்கவில்லை. எழுதியவனுக்கு உங்கள் முகமும் தெரியாது, நீங்கள் யார் என்றும் தெரியாது. 2024-ல் சிலருக்கு வீட்டு முகவரியும் தெருவின் படமும் சேர்ந்து வந்தன. அந்தப் படம் கூகுள் வரைபடத்தில் யாருக்கும் கிடைப்பது. வாசலில் ஆள் வந்து நின்று எடுத்ததாக நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, உங்கள் முகவரியில் இருந்தே உங்களுக்கு மெயில் வருவது. தபால் உறையில் அனுப்புநர் என்ற இடத்தில் யாருடைய பெயரையும் யாரும் எழுதலாம் இல்லையா? மெயிலிலும் அப்படி எழுத முடியும். சந்தேகமாக இருந்தால் உங்கள் 'அனுப்பியவை' பெட்டியைப் பாருங்கள், அதில் அந்தக் கடிதம் இருக்காது. ஜிமெயிலில் எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். தெரியாத கருவி எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் உள்ளே யாரும் வரவில்லை என்று தைரியமாக இருக்கலாம்.

வீடியோ? இப்படி மொத்தமாக அனுப்பப்படும் கடிதங்களில் வீடியோ கிடையாது. நிஜமாகவே கையில் வைத்திருக்கிறவன் ஒரு படத்தையாவது காட்டித்தான் பேரத்தைத் தொடங்குவான். கடிதத்தில் இணைப்பு இருந்தால் மட்டும், "ஒருவேளை இதில் இருக்குமோ" என்று திறந்து பார்க்காதீர்கள். நிஜமான வைரஸ் அந்த வழியாகத்தான் வரும்.

பதில் எழுதாதீர்கள், திட்டிக்கூட எழுதாதீர்கள். பதில் போனால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். பணம் கட்டாதீர்கள். பிட்காயின் போனால் திரும்பி வராது, கட்டுகிற ஆள் என்று தெரிந்தவரிடம் மறுபடியும் கேட்பார்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்பாம் என்று குறித்துவிட்டு மூடுங்கள். அலுவலக மெயிலுக்கு வந்திருந்தால் ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் இதை நூறு பார்த்திருப்பார்கள், உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம், அன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன். நம் ஊர் ஆட்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி இருந்தது, தொழிலும் தங்கலும் ஒரே இடத்தில். ஒரே நீள் கூடம், ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்மேசை. புதிதாக வந்த பையனின் முகம் வாடினால் பக்கத்துப் பெட்டிக்காரருக்கு உடனே தெரிந்துவிடும். இன்றைக்கு வாடகை அறையில் நான்கு பேர் இருந்தாலும் நான்கு பேர் காதிலும் ஹெட்போன். என் அத்தை மகன் ராத்திரி முழுக்க அழுதது மேல்கட்டிலில் படுத்திருந்தவனுக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்ல முடியாத விஷயம் என்பது எனக்கும் புரிகிறது. அண்ணன், அயித்தான், சித்தப்பா, கூட வேலை பார்ப்பவர், யாரோ ஒருவர். யாருமே இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போங்கள். 1859-ல் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) எழுப்பிய கோயில், ஊர்முகம் ஒன்றாவது கண்ணில் படும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஸ்காம்ஷீல்டு உதவி எண் 1799-க்கு அழைத்து, இது மோசடியா என்று கேட்கலாம். மிரட்டல் வந்ததைச் சொல்வது குற்றம் ஆகாது, விசாவை நினைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

உண்மையிலேயே படம் அவர்களிடம் இருந்தால்

மேலே சொன்னது வெற்று மிரட்டல். இன்னொரு வகை உண்டு, அது வேறு. தெரியாத எண்ணில் இருந்து வீடியோ அழைப்பு வரும். எடுத்தால் ஒரு பெண், உடையில்லாமல். சில நொடிகளில் உங்கள் முகத்தையும் சேர்த்துத் திரையைப் பதிவு செய்துவிடுவார்கள். சில நாள் நட்பாகப் பேசிப் பழகிவிட்டுச் செய்வதும் உண்டு. பிறகு உங்கள் ஃபேஸ்புக் நண்பர் பட்டியலைக் காட்டிப் பணம் கேட்பார்கள். அடுத்து போலீஸ் அதிகாரி என்று ஒருவன் பேசுவான், அவனும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.

இதிலும் பணம் கட்டக் கூடாது. ஆனால் ஸ்பாமில் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது. எண், பேச்சு, பணம் கேட்ட கணக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பேச்சை நிறுத்துங்கள், ஆனால் பயந்துபோய் உங்கள் கணக்கையே அழித்துவிடாதீர்கள், அதில்தான் ஆதாரம் இருக்கிறது. நண்பர் பட்டியலை மறையுங்கள். இருக்கும் நாட்டுப் போலீஸில் புகார் கொடுங்கள். ஊர் வங்கிக் கணக்கில் இருந்து பணம் போயிருந்தால், வீட்டில் ஒருவரை உடனே இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். மலேசியாவில் பணம் போனவர்கள் அழைக்க வேண்டிய எண் 997. 18 வயது தாண்டியவர்களுக்கு 2021 முதல் ஸ்டாப் என்சிஐஐ (StopNCII) என்ற இலவசச் சேவை இருக்கிறது. உங்கள் படத்தின் டிஜிட்டல் கைரேகை மட்டும் உங்கள் கருவியிலேயே உருவாகி அவர்களுக்குப் போகும், படம் போகாது. அதில் சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அதே படம் ஏறினால் கண்டுபிடித்துத் தடுக்க அது உதவும்.

சாவிகள்

நம் ஊர் வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (திருமணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும்) ஓர் அறை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. ஒரு சாவி தொலைந்தால் ஓர் அறைக்குத்தான் ஆபத்து. மெயிலுக்கும் வங்கிக்கும் வேலை தேடும் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பவர்கள் மொத்த வீட்டுக்கும் ஒரே சாவி செய்து, நகலை ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாவற்றையும் திறக்கிற சாவி அதுதான். இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்பது) போடுங்கள். ஹேவ் ஐ பீன் போன்ட் (Have I Been Pwned) என்ற தளத்தில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால் எந்தத் திருட்டுகளில் அது போயிருக்கிறது என்று சொல்லும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தவறவிடும் ஒன்று: உங்கள் மெயிலுக்கும் வங்கிக்கும் ஓடிபி வருவது இந்திய எண்ணுக்கு. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் செத்துப்போகும், பிறகு வேறு யாருக்காவது போகும். ஒன்று, எண்ணை உயிரோடு வைத்திருங்கள். இல்லையென்றால் விடுவதற்கு முன்னால் எல்லா இடத்திலும் புது எண்ணை மாற்றுங்கள்.

கேமரா

கேமராவுக்குள் நுழையும் வைரஸ் உண்மையில் இருக்கிறது. அதனால் மறைப்பது நல்ல பழக்கம்தான். 2016-ல் ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் சக்கர்பெர்க் வெளியிட்ட ஒரு படத்தில் அவருடைய மடிக்கணினியின் கேமராவில் டேப் ஒட்டியிருந்ததை உலகமே பார்த்தது. தள்ளுமூடி இருக்கும் கணினி என்றால் மூடி வையுங்கள். இல்லையென்றால் என் மனைவியின் ஒட்டுப்பொட்டு போதும், கறுப்பில் சின்னது அளவாக இருக்கும். மேக்புக் வைத்திருப்பவர்கள் மட்டும் கணினியை மூடும்போது அதை எடுத்துவிடுங்கள். சாதாரணத் தாளைவிடத் தடிமனான எதுவும் திரையைக் கெடுக்கலாம் என்று 2020-ல் ஆப்பிளே எச்சரித்தது. மைக்கைப் பொட்டு மறைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். போனில் மேல் ஓரத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால் கேமரா ஓடுகிறது என்று பொருள் (ஐபோனில் ஆரஞ்சு என்றால் மைக்; ஆண்ட்ராய்டில் மைக்குக்கும் பச்சைதான்). நீங்கள் திறக்காதபோது அது எரிந்தால் எந்த ஆப் என்று பார்த்து அனுமதியை எடுத்துவிடுங்கள். செகண்ட்ஹேண்ட் கணினி வாங்கினால் முழுக்க அழித்து, விண்டோஸை மறுபடி ஏற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஊர் வீட்டுக் கேமரா. வெளிநாட்டுக்கு வந்ததும் முதல் சம்பளத்தில் பலர் செய்வது, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு கேமரா போட்டு அதைப் போனில் பார்ப்பது. நானும் முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று போட்டேன். ஆளில்லாத வீட்டுக்கு அது காவல். ஆனால் படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் வைக்கும் நாளுக்கு) அறுபது பேர் கூடி, பெண்கள் வளவில் பாய் விரித்துப் படுக்கும்போதும் அதே கேமரா ஓடிக்கொண்டிருந்ததை மூன்று வருடம் நான் நினைத்துப் பார்க்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு வந்ததும் வளவுக் கேமராவின் பிளக்கைப் பிடுங்கினேன். பொருத்திக் கொடுத்தவரைக் கூப்பிட்டு அவர் போனைத் திறக்கச் சொன்னேன். எங்கள் முகப்பு, ஆத்தங்குடிக் கல், அதில் காயப்போட்ட வடகம் எல்லாம் அவர் திரையில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பொருத்திய அன்று சோதிக்கப் போட்ட கணக்கை எடுக்க மறந்திருக்கிறார், அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. என் எதிரிலேயே அழித்தார். கருவியோடு வந்த பழைய பாஸ்வேர்டை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்தேன். புதிய பாஸ்வேர்டை அம்மா பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்.