கைக்குழந்தையோடு யாழ்ப்பாணம்: பாலும் நித்திரையும்

நல்லூர்த் திருவிழாவுக்கோ, தம்பியின் கலியாணத்துக்கோ, பிள்ளையை அம்மம்மாவின் மடியில் ஒருக்கா வைத்துவிட வேண்டும் என்பதற்கோ, லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் கைக்குழந்தையோடு புறப்படுபவர்கள் பலர். 3 மாதம் முதல் 10 மாதம் வரையான, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பயணத்தால் குழம்புவது நித்திரை. அதைத் திரும்ப வழிக்குக் கொண்டுவருவது வெளிச்சமும் இருட்டும். பாலை மணிக்கூடு பார்த்துக் கொடுத்து நேரத்தைத் திருத்தப் போனால் பிள்ளையும் களைக்கும், தாய்க்கும் பால் கட்டும். பால் பிள்ளை கேட்கும்போதுதான். நேரம் பார்ப்பது நித்திரைக்கு மட்டும்.

நேரக்கணக்கு

இலங்கை நேரம் கோடையில் லண்டனை விட 4½ மணித்தியாலம் முன்னுக்கு, குளிர்காலத்தில் 5½. பாரிஸ், சூரிச், பேர்லினுக்கு 3½, 4½. டொரன்டோவுக்கு 9½, 10½. சிட்னியும் மெல்பேர்னும் மறுபக்கம்: அவர்கள்தான் நம்மை விட 4½ அல்லது 5½ மணித்தியாலம் முன்னுக்கு.

ஓகஸ்டில் லண்டனிலிருந்து வரும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு 7 மணிக்குப் படுத்தால் இங்கே அது இரவு 11.30. அங்கே காலை 6.30க்கு எழும்பினால் இங்கே பகல் 11. இரண்டு மூன்று கிழமைப் பயணத்துக்கு இதை முழுதாகத் திருப்ப வேண்டியதில்லை, பாதி வழி போனால் போதும். இரவு 9 மணிக்குப் படுத்துக் காலை 7.30க்கு எழும்பும் பிள்ளை யாழ்ப்பாணத்து வீட்டுக்கு நன்றாகவே பொருந்தும். பின்னேரம் வெக்கை தணிந்த பிறகுதான் சனம் வந்து போகும், கோவிலுக்குப் போவதும் அப்போதுதான். முதல் நாள் 9.30க்கு எழுப்புங்கள், அடுத்த நாள் 8.30க்கு, மூன்றாம் நாள் 7.30க்கு. படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். எழும்பும் நேரத்தை நகர்த்தினால் படுக்கும் நேரம் ஓரிரு நாளில் பின்னால் வரும்.

டொரன்டோப் பிள்ளைக்கு இரவும் பகலும் தலைகீழ். அங்கே இரவு 7 என்றால் இங்கே விடியப்புறம் 4.30. பிள்ளையின் 'இரவு' இங்கே பகல் முழுக்க ஓடும். புறப்பட முன் வீட்டில் நேரத்தை மாற்றிப் பார்ப்பதில் பலனில்லை. வந்த நாளிலிருந்தே பகல் நித்திரை ஒவ்வொன்றையும் 2 மணித்தியாலத்தோடு நிறுத்துங்கள். யன்னலைத் திறந்து, பிள்ளையின் உடுப்பைத் தளர்த்தி, பம்பேர்ஸ் மாற்றி, பால் கொடுத்து எழுப்புங்கள். இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் பிள்ளை முழுசாக விழித்து விளையாட நிற்கும். 3 முதல் 5 இரவுக்கு இது நடக்கும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் லைட் போடக் கூடாது, போனை முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது, கொஞ்சிப் பேசக் கூடாது. இருட்டிலேயே பால், இருட்டிலேயே தோள்.

இங்கே பலரும் விடும் பிழை ஒன்று உண்டு. காலையில் அம்மம்மா பிள்ளையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போக, தாய் அறையைப் பூட்டிக்கொண்டு பத்து மணிவரை படுப்பார். களைப்பு நியாயமானதுதான். ஆனால் இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் நித்திரைக்கு உதவும் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் அது இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. தாயின் உடல் இன்னும் டொரன்டோ நேரத்தில் நின்றால் பாலும் அந்த நேரத்தைத்தான் சொல்லும். முதல் மூன்று நாளாவது காலை 7 மணியளவில் அரை மணித்தியாலம் தாயும் பிள்ளையும் சேர்ந்து வெளிச்சத்தில் இருங்கள். நேர் வெயில் வேண்டாம், மாமர நிழல் போதும். தாய் தூங்க வேண்டியது மத்தியானம், பிள்ளையோடு சேர்ந்து.

தாயின் மார்பும் பழைய நேரத்துக்குத்தான் நிறையும். பிள்ளை உறங்கும் வேளையில் கல்லுப்போல் இறுகினால், இறுக்கம் தளருமளவுக்கு மட்டும் கையால் கறந்துவிடுங்கள். முழுசாக வெறுமையாக்கினால் உடல் இன்னும் சுரக்கும். ஒரு பக்கம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அழுத்தித் தேய்க்காமல் குளிர் ஒத்தடம் வையுங்கள், ஒரு நாளில் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

விமானமும் வான் (van) பயணமும்

பேசினெட் என்ற சுவர்த்தொட்டிலுக்கு ரிக்கெற் எடுத்த அன்றே சொல்லி வையுங்கள். எடை எல்லை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் பிள்ளையைத் தூக்கச் சொல்வார்கள். ஆகவே விமானத்தில் நீண்ட நித்திரையை நம்ப வேண்டாம்.

காது அடைப்பது ஏறும்போதை விட இறங்கும்போதுதான் கூட. இறக்கம் தரை தொட அரை மணித்தியாலம் முன்பே தொடங்கிவிடும். முதல் அறிவிப்புக்கே இரண்டு பக்கமும் கொடுத்து முடித்தால், கடைசிப் பத்து நிமிடத்தில் குடிக்கப் பிள்ளைக்குப் பசி இராது. முதலில் ஒரு பக்கம் கொடுத்து, மற்றதைக் கடைசிக்கு வைத்திருங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் தரைவழியே வானில் 7, 8 மணித்தியாலம். நீண்ட பறப்பின் பிறகு நேரே ஏறுவது கைக்குழந்தைக்குக் கொடுமை. முடிந்தால் நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் விடிய 5 மணிக்குப் புறப்பட்டால் பிள்ளை முதல் பகுதியை நித்திரையிலேயே கடக்கும். புத்தளம், அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி என்று நிறுத்துங்கள். 2 மணித்தியாலத்துக்கு மேல் கார் சீட்டில் தொடர்ந்து வைத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வானை ஓரம் கட்டி, ஏசியை ஓடவிட்டு, பின்சீட்டில் வைத்துப் பால் கொடுப்பதுதான் வசதி. ஓடும் வானில் பிள்ளையை மடியில் எடுத்துப் பால் கொடுக்காதீர்கள், எவ்வளவு அழுதாலும். வாடகை வான்களில் பின்சீட்டுக்குப் பெல்ட் இருக்காமலும் போகலாம். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

தண்ணீர்

வெக்கை நாடு, பிள்ளைக்கு நா வறளும், இரண்டு கரண்டி கொதித்தாறின தண்ணி குடு என்று வீட்டில் கட்டாயம் சொல்வார்கள். 6 மாதம் வரை வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெக்கைக்குப் பிள்ளை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும், ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும். அது தாகம் தீர்க்கும் குடிப்பு. அதைப் பார்த்துப் 'பால் காணாது' என்று முடிவு கட்ட வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். தோட்டங்களுக்குப் போடும் உரம் அதன் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்கு இறங்கி, பல இடங்களில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருக்கிறது. பெரியவர்களை விட 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கே அது ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இடையில் குழந்தைப் பால்மாவும் கொடுப்பவர்கள் போத்தல் தண்ணீர் வாங்கி, அதைக் கொதிக்க வைத்தே கரையுங்கள். கேத்தலிலும் பாற்போத்தலிலும் படியும் வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. அது தீங்கில்லை, வினாகிரி விட்டுக் கழுவினால் போய்விடும்.

பிள்ளைக்குப் பால் காணுமா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது, ஈரத்தை வைத்துச் சொல்லலாம். 24 மணித்தியாலத்தில் 6 பம்பேர்ஸ் நன்றாக நனைந்தால் காணும். வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, பால்லயே தண்ணி இருக்கு. இண்டைக்கு ஏழு தரம் மாத்தியாச்சு, எண்ணிப் பாருங்கோ." எண்ணும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டால் மறுப்பு ஓயும், அக்கறைக்கும் ஒரு வழி கிடைக்கும். தேனும் சீனித்தண்ணியும் அப்படியே தவிர்க்க வேண்டியவை. தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. விற்றமின் டி துளி கொடுத்து வந்தவர்கள் ஊர் வெயிலை நம்பி நிறுத்தாதீர்கள்.

தாய்க்குச் சமைக்கும் சரக்குக்கறி, உள்ளி, முருங்கையிலை, பால்சுறா வறை எல்லாம் அன்போடு வரும், சாப்பிடுங்கள். சுறாவை மட்டும் கிழமைக்கு ஒரு தடவையோடு நிறுத்துவது நல்லது, அதில் பாதரசம் சேரும். பாலைக் கூட்டுவது கறியை விடப் பிள்ளை குடிக்கும் தடவைகள்தான்.

சனம் நிறைந்த வீடு

நேரவித்தியாசம் ஒரு கிழமையில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் பிள்ளை இரவில் மணிக்கொரு தரம் எழும்பினால் பெரும்பாலும் காரணம் பகலில் குடிக்காததுதான். 4 மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு எல்லாமே புதினம். மாமி கூப்பிடுவார், கோழி ஓடும், ஓட்டோ வந்து நிற்கும். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பும். கை மாறிக் கை மாறி ஒருவர் தோளில் உறங்கியும் போகும். பகலில் விட்டதை இரவில் குடித்து ஈடுகட்டும். அடுத்த நாள் பசியில்லாததால் மீண்டும் பகலில் குறையும்.

இதை வெட்ட ஒரே வழி, பகலில் 4 தடவையாவது கதவைச் சாத்திய அறையில் பால் கொடுப்பது: எழும்பியவுடன், முழுக்காட்ட முன், மத்தியான நித்திரைக்கு முன், விளக்கு வைக்கும் நேரம். திரைச்சீலை இழுத்து, மின்விசிறி போட்டு, போனை வெளியே வைத்துவிட்டு. இடையில் கேட்டால் எங்கு வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் இந்த நான்கையும் விட்டுக்கொடுக்காதீர்கள். 6 மாதம் தாண்டிய பிள்ளைக்குச் சோறும் பருப்பும் ஊட்ட எல்லாரும் போட்டி போடுவார்கள். முதலில் பால், அரை மணித்தியாலம் கழித்துச் சோறு.

விழித்திருக்கும் நேரத்தையும் கவனியுங்கள். 4 மாதப் பிள்ளை ஒன்றரை முதல் 2 மணித்தியாலம் தாங்கும், 6 மாதத்தில் 2 முதல் இரண்டரை, 9 மாதத்தில் 3 வரை. அதைத் தாண்டினால் களைத்து, உறங்கவும் முடியாமல் அழும். வீட்டார் அதை வயிற்றுவலி என்பார்கள்.

எண்ணெய் பூசி முழுக்காட்டும் ஊர் வழக்கம் இங்கே உங்களுக்குப் பெரிய துணை. பத்து மணியளவில் முழுகி, பால் குடித்த பிள்ளை ஒன்றரை, 2 மணித்தியாலம் ஒரே மூச்சில் உறங்கும். அந்த நேரத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். பின்னேரம் 4 மணிக்கு முழுக்காட்டினால் அதே நீண்ட நித்திரை தப்பான நேரத்தில் வந்து இரவைக் கெடுக்கும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம், சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் பொழுதுபட முன்னும்தான் அது மும்முரம், மாரி தொடங்கினால் இன்னும் கூடும். ஆகவே இரவுக்கு மட்டுமல்ல, பகல் நித்திரைக்கும் வலை வேண்டும்.

ஏணையில் பிள்ளை நன்றாக உறங்கும் என்பது உண்மை. ஆனால் துணி வளைவில் நாடி நெஞ்சில் முட்டி மூச்சு தடைப்படக்கூடும், புரளத் தொடங்கிய பிள்ளைக்கு விழுந்துவிடும் பயமும் உண்டு. இரவில் தட்டையான, கடினமான படுக்கையில் நிமிர்த்திக் கிடத்துங்கள். வீட்டார் ஆசைப்பட்டு ஏணை கட்டினால் அதில் போட்டு ஆட்டலாம், உறங்கியதும் எடுத்துக் கிடத்திவிடுங்கள்.

கறந்த பாலுக்கு 25 பாகையில் 4 மணித்தியாலம் என்ற கணக்கு யாழ்ப்பாணத்து 32 பாகைக்குப் பொருந்தாது. கறந்தவுடன் பிரிட்ஜில் வைத்தால் 4 நாள். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள், ஐஸ் பொதி போட்ட குளிர்ப்பையில் 24 மணித்தியாலம் தாங்கும். கனடாவிலிருந்து வரும் பம்பில் 100–240 வோல்ற் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், இங்கே 230. கைப் பம்ப் ஒன்றும் கொண்டுவருவது நல்லது.

8 மணித்தியாலம் பம்பேர்ஸ் நனையாவிட்டாலும், உச்சிக்குழி உள்வாங்கினாலும், எழுப்பியும் பால் குடிக்க எழும்பாவிட்டாலும், 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் காய்ந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், போக வேண்டியது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை.

திரும்பிப் போகும்போது லண்டன் பிள்ளை விடிய 3 மணிக்கு எழும்பி நிற்கும், யாழ்ப்பாணத்து 7.30 அது. 5 மணிவரை அறையை இருட்டாகவே வைத்து அதற்குள்ளேயே பால் கொடுங்கள். ஏணை ஆட்டத்துக்குப் பழகிய பிள்ளையென்றால் புறப்பட ஒரு கிழமைக்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டு மாற்றமும் ஒரே இரவில் வந்தால் பிள்ளை தாங்காது.