இங்கிலாந்துக் கிராமத்தில் குடியேறிவிட்டீர்களா? பாரிஷ் கவுன்சிலில் காரியம் நடத்துவது எப்படி

"பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்குப் போய்வந்தேன்" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டது: "பங்குச்சாமியார் என்னடா சொன்னார்?" அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, நம் ஊரில் அந்தப் பெயருக்குப் பங்குப் பேரவை என்றுதான் பொருள். இங்கே கதை வேறு. 1894-இல் வந்த சட்டம் ஊர் நிர்வாகத்தைத் தேவாலயத்திடமிருந்து பிரித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்திடம் கொடுத்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் ஊராட்சி மன்றத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கை இன்னும் சின்னது.

முதலில், உங்கள் ஊருக்கு அது இருக்கிறதா என்று பாருங்கள். கவுன்சில் டாக்ஸ் (நம் ஊர் வீட்டுவரி மாதிரி) பில்லை எடுங்கள். கவுண்டி (பெரிய பகுதிக்கான மன்றம்), டிஸ்டிரிக்ட் (அதற்குள் இருக்கும் சின்னப் பகுதிக்கான மன்றம்), போலீஸ் என்று போகும் வரிசையில் உங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு சின்னத் தொகை இருந்தால், அதுதான் பாரிஷின் பங்கு. பிரிசெப்ட் என்பார்கள். ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் இருப்பவர்கள் தேட வேண்டாம். லண்டனில் குவீன்ஸ் பார்க் ஒன்றுக்குத்தான் உண்டு.

இரண்டாவது, யார் வேலை எது என்று தெரிந்துகொள்வது. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான், நானும் விழுந்தேன். வீட்டு முன்னால் சாலையில் பெரிய குழி. படம் எடுத்து பாரிஷுக்கு அனுப்பினேன். "சாலை கவுண்டியின் பொறுப்பு, அவர்கள் தளத்தில் பதியுங்கள்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. குப்பை வண்டி வரவில்லையா? அது டிஸ்டிரிக்ட். கவுண்டியும் டிஸ்டிரிக்டும் ஒன்றாகிவிட்ட பகுதிகளில் இரண்டுக்கும் ஒரே அலுவலகம். பாரிஷ் கையில் பொதுவாக இருப்பவை விளையாட்டுத் திடல், பெஞ்சு, பஸ் நிழற்குடை, இடுகாடு, அலாட்மென்ட் தோட்டம் (காய்கறி போட வாடகைக்குக் கொடுக்கும் சின்ன நிலத்துண்டு), சில ஊர்களில் தெருவிளக்கு. எங்கள் தெருக் கம்பங்களில் எண் எழுதிய சின்னத் தகடு இருக்கிறது. விளக்கு எரியவில்லை என்று எழுதும்போது அந்த எண்ணைச் சொன்னால், அது யார் கம்பம் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள்.

பக்கத்து வயலில் ஐம்பது வீடு கட்ட விண்ணப்பம் வந்தால், பாரிஷ் கருத்துச் சொல்லலாம். அனுமதிப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இல்லை. கூட்டத்தில் கோபமாகக் கத்துபவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. ஆனால் 2011 சட்டப்படி பாரிஷ் ஒரு நெய்பர்ஹுட் பிளான் (ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் திட்டம்) தயாரித்து, ஊர் வாக்கெடுப்பில் அது தேறிவிட்டால், திட்ட அனுமதி கொடுப்பவர்கள் அதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். இவர்களிடம் உள்ள கனமான ஆயுதம் அதுதான்.

மூன்றாவது, கிளார்க்குக்கு எழுதுங்கள். கவுன்சிலர்கள் பொதுவாகச் சம்பளமில்லாமல் வருபவர்கள். கடிதம், கணக்கு எல்லாம் பார்ப்பவர் சம்பளம் வாங்கும் கிளார்க்தான், அதுவும் பல ஊர்களில் பகுதி நேரம். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னாலேயே நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஏறவேண்டும்; அறிவிப்பு நாள், கூட்ட நாள், ஞாயிறு எதுவும் அந்த மூன்றில் சேராது. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் அன்று முடிவெடுக்கவும் முடியாது. அதனால் கூட்டத்தன்று போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு மாதமோ இரண்டு மாதமோ போச்சு. பத்துப் பதினைந்து நாள் முன்னால் இப்படி எழுதுங்கள்: "திடலில் ஊஞ்சலுக்கு எதிரே உள்ள பெஞ்சின் சாய்வுப் பலகை உடைந்திருக்கிறது. படம் இணைத்துள்ளேன். அடுத்த கூட்ட அஜெண்டாவில் சேர்க்க வேண்டுகிறேன்." ஒரு மடலுக்கு ஒரு விஷயம் போதும்.

நான்காவது, கூட்டத்துக்குப் போங்கள். யாரும் போய் உட்காரலாம். தொடக்கத்தில் பொதுமக்கள் பேசச் சில நிமிடம் ஒதுக்குவது வழக்கம். பிறகு அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்கலாம், குறுக்கே பேசக்கூடாது. மூன்று கவுன்சிலராவது இல்லையென்றால் கூட்டமே இல்லை. எங்கள் ஊரில் நான் முதல் தடவை போனபோது பார்வையாளர் வரிசையில் நானும் ஒரு தாத்தாவும் அவர் நாயும்தான்.

மார்ச் 1-க்கும் ஜூன் 1-க்கும் இடையில் ஊர்க்கூட்டம் ஒன்று தனியாக நடக்கும். நம் கிராம சபை போல. அதில் வாக்காளர்கள் எல்லோரும் பேசலாம், ஓட்டும் போடலாம்.

வெந்தயக்கீரையும் வெங்காயமும் போட அலாட்மென்ட் வேண்டும், ஊரில் இல்லை என்றால், 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கைகொடுக்கும். ஊர் வாக்காளர்களோ கவுன்சில் டாக்ஸ் கட்டுபவர்களோ ஆறு பேர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், கவுன்சில் அதை எடுத்துப் பரிசீலித்தே தீரவேண்டும். தனியாள் புலம்பலுக்கு அந்தப் பலம் இல்லை.

கடைசியாக, நீங்களே கவுன்சிலராவது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அதனால் அந்தப் பாஸ்போர்ட்டோடு விசாவில் இருந்தாலே பெயரைப் பதிந்து ஓட்டுப் போடலாம். நிற்பதற்கு நிரந்தர வசிப்புரிமை வேண்டும். கூடவே 18 வயதும், அந்த ஊரோடு ஒரு தொடர்பும் வேண்டும்; அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதுவே போதும். தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. நடுவில் இடம் காலியானால் போர்டில் அறிவிப்பு வரும். பத்து வாக்காளர் சேர்ந்து தேர்தல் கேட்காவிட்டால், கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் போர்டில் அப்படி ஒரு தாள் மழையில் சாயம் போய் இன்னும் தொங்குகிறது. ஒருவரும் கேட்கவில்லையாம், கிளார்க் சொன்னார்.